பச்சைத் தோலும் பழுத்த சுளையும்

ஆரஞ்சு என்றதும் நம் மனத்தில் முதலில் தோன்றுவது அதன் நிறம்தான். ஒரு பழத்தின் பெயரே ஒரு நிறத்திற்கும் பெயராக அமைவது எல்லாப் பழங்களுக்கும் வாய்க்கும் பெருமையன்று. ஆங்கிலத்தில் அப்பெயர் முதலில் பழத்திற்கே வழங்கியது. நிறத்திற்குப் பிறகுதான் வந்தது. அப்பெயரின் வேரும் நமக்கு அந்நியமானதன்று. வடமொழியில் ‘நாரங்க’ என வழங்கிய சொல், பாரசீகம், அரபு ஆகிய மொழிகளின் வழியாக ஐரோப்பாவிற்குச் சென்றது. அந்த வடமொழிச் சொல்லும் திராவிட மொழிகளிலிருந்து பிறந்திருக்கலாம் என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். நாம் ஊறுகாய் போடும் நாரத்தங்காயின் பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், உறவு புலப்படும்.

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது பழமொழி. ஆனால், ஆரஞ்சு இனப் பழங்களுக்கு இது முழுவதும் பொருந்தாது. எங்கள் வட்டாரக் காலைச் சந்தையில் உள்ளூர் லீமாவ் மாது பழங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் எழும். தோல் பச்சையாகவே இருக்கும். உரித்தால் சுளை தேனாக இனிக்கும். சீனப் பெருநாள் நெருங்கிவிட்டாலோ, சீனாவிலிருந்து வரும் மாண்டரின் ஆரஞ்சுகள் பெட்டி பெட்டியாக வந்து குவிந்துவிடும். கந்தோனிய மொழியில் அப்பழத்தின் பெயரும் பொன்னைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலியுடையவை. ஆகவே, அதன் பொன்னிறம் மங்கலச் சின்னமாகப் போற்றப்படுகிறது. அந்த நிறத்திற்குப் பக்கத்தில் பச்சைப் பழங்களைப் பலர் காய் என்றே எண்ணிக் கடந்து செல்கின்றனர்.

இந்த நிற வேறுபாட்டிற்குக் காரணம் தட்பவெப்பம். ஆரஞ்சின் தோலில் பச்சையம் என்னும் நிறமி உள்ளது. இரவில் குளிர் நிலவும் இடங்களில் பச்சையம் சிதைந்து, மஞ்சளும் செம்மஞ்சளும் வெளியே தெரியும். மலேசியாவைப் போன்ற வெப்ப நாட்டின் தாழ்நிலங்களில் அத்தகைய குளிர் இல்லை. எனவே, சுளை பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கலாம். ‘வெலன்சியா’ என்னும் ஆரஞ்சு வகையோ, மரத்திலேயே நிறம் மாறிப் பழுத்து, வெயில் காலம் வந்ததும் மீண்டும் பச்சை நிறம் பெறுவதுண்டு!

இதில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. வாழையும் மாம்பழமும் பறித்த பிறகும் பழுக்கும். ஆரஞ்சு அப்படிப்பட்டதன்று, பறித்த பின் அதன் இனிப்புக் கூடுவதில்லை. அதனால், தோட்டக்காரர்கள் தோலின் நிறத்தை மட்டும் நம்புவதில்லை. சாற்றின் அளவையும் அதிலுள்ள சர்க்கரை, புளிப்பு ஆகியவற்றின் விகிதத்தையும் சோதித்த பிறகே அறுவடை செய்கின்றனர். சில நாடுகளில், பழுத்த பச்சைப் பழங்களை எத்திலீன் வாயு கொண்டு நிறம் மாற்றி விற்பதும் உண்டு. அந்த வாயு தோலின் நிறத்தை மாற்றுமே தவிர, சுளையின் சுவையைக் கூட்டாது.

சந்தையில் நான் வழக்கமாகப் பழம் வாங்கும் கடைக்காரர் இதனை எளிமையாகச் சொல்வார்: “தோலைப் பார்க்காதீங்க அக்கா, கையில தூக்கிப் பாருங்க. கனமா இருந்தா சாறு இருக்கும்.” ஆய்வுக்கூடக் கருவி இல்லாத நமக்கு, இந்த அளவுகோலே போதுமானது.

ஒரு பழம் நம் கைக்கு வர மரத்திற்குப் பல ஆண்டுகள் வேண்டும். விதையிலிருந்து வளரும் மரம் காய்க்க நெடுங்காலம் ஆகும். ஆதலால், வலுவான வேருடைய நாற்றில் நல்ல மரத்தின் மொட்டை ஒட்டுக்கட்டி வளர்க்கின்றனர். நீர் தேங்காத மண்ணும் நல்ல வெயிலும் கிடைத்தால் ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

இவ்வளவு காத்திருந்து பெறும் பழத்தில் வீணாவது மிகக் குறைவு. சுளையைச் சாறாகவும் பழப்பாகாகவும் ஆக்குகின்றனர். தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய் சவர்க்காரத்திற்கு மணமூட்டுகிறது. உலர்ந்த மாண்டரின் தோல் சீனச் சமையலிலும் மருந்திலும் சேர்கிறது. சாறு பிழிந்த சக்கை மாட்டுத் தீவனமாகிறது. 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் மருத்துவர், ‘சாலிஸ்பரி’ என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துச் சோதித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவாகத் தேறினர். அதற்குக் காரணமான வைட்டமின் ‘சி’ கண்டறியப்பட்டது 20ஆம் நூற்றாண்டில்தான்.

மாலுமிகளின் நோயைத் தீர்த்த பழத்திற்கே இன்று ஒரு கொடிய நோய் வந்துள்ளது. அதன் பெயர் ‘கிரீனிங்’. சாறு உறிஞ்சும் சிறு பூச்சி ஒன்று, மரத்திற்கு மரம் அதன் நோய்க்கிருமியைப் பரப்புகிறது. நோயுற்ற மரத்தின் பழங்கள் சிறுத்து, கோணலாகி, கசந்துபோகும். அடிப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும். மலேசியத் தோட்டங்களும் இந்நோயால் பாதிக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2003-04ஆம் பருவத்தில் 240 மில்லியன் பெட்டி ஆரஞ்சுகளை விளைவித்தது. 2005ஆம் ஆண்டில் அங்கே இந்நோய் கண்டறியப்பட்டது. நோயுடன் சூறாவளிகளும் சேர்ந்து தாக்கியதால், 2023-24ஆம் பருவத்தில் விளைச்சல் 20 மில்லியன் பெட்டிகளுக்கும் கீழே சரிந்தது. நோயுற்ற மரத்தை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. நோயற்ற கன்றுகளை நடுவதும் பூச்சியைக் கட்டுப்படுத்துவதும் நோயுற்ற மரங்களை அகற்றுவதுமே தோட்டக்காரர்கள் நம்பியிருக்கும் வழிகள்.

இத்தனை இடர்களையும் கடந்து ஓர் உள்ளூர் விவசாயி நல்ல பழத்தைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார். தோல் பச்சையாக இருக்கிறது என்ற ஒரே காரணத்திற்காக அதனை ஒதுக்கிவிட்டால், அவருடைய பல ஆண்டு உழைப்பும் கூடையிலேயே வாடிப்போகும். அடுத்த முறை சந்தைக்குச் செல்லும்போது, ஒரு பச்சைப் பழத்தைக் கையில் ஏந்திப் பாருங்கள். கனமாக இருந்தால், தயங்காமல் வாங்கி உரித்து உண்ணுங்கள்.