சித்தி இல்லாத 'சித்தி'



பழைய சீரியல்களை மறுபடி எடுக்கிறார்களே, அதைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

1999 டிசம்பரில் சன் டிவியில் 'சித்தி' தொடங்கியது. சாரதாவாக ராதிகா. கணவராக, நம்ம சூலூர்ப் பக்கம் காசிகவுண்டன்புதூரில் பிறந்த சிவகுமார். மூத்தாள் குழந்தையைத் தன் குழந்தையாக வளர்த்தவள் கதை.

அப்போது என் வகுப்பில் சின்னம்மாவிடம் வளர்ந்த ஒரு பெண் இருந்தாள். "சித்தி கொடுமையா?" என்று மற்ற பிள்ளைகள் சீண்டினால் தலையைக் குனிந்துகொள்வாள். சீரியல் ஓடிய நாட்களில் ஒருமுறை நிமிர்ந்து சொன்னாள்: "எங்க சின்னம்மாவும் டிவில வர்ற சித்தி மாதிரிதானுங்க டீச்சர்." வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்த வார்த்தைக்கு ராதிகா ஒரு மரியாதை வாங்கிக் கொடுத்திருந்தார்.

2020 ஜனவரியில் 'சித்தி 2' வந்தது. கதை புதிது, ராதிகா மட்டும் அதே ராதிகா. ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றது. பிறகு பொன்வண்ணன் இடத்துக்கு நிழல்கள் ரவி வந்தார். நாலு நாளில் பழகிக்கொண்டோம். 2021இல் ராதிகாவே விலகினார். வெண்பா, கவின் ஜோடியை வைத்துத் தொடர் ஓடியது. வெண்பாவாக வந்த பிரீத்தி சர்மா நன்றாகத்தான் நடித்தார். ஆனால் தலைப்பில் இருந்த சித்தி வீட்டில் இல்லையே!

மறுபடி எடுப்பவர்கள் கதையை மாற்றட்டும், துணை நடிகர்களை மாற்றட்டும். எந்த உறவை நம்பி ஜனம் டிவி முன்னால் உட்கார்ந்ததோ, அந்த ஒருவரைக் கடைசிவரை வைத்திருக்க முடியுமா என்று பார்த்துவிட்டு அந்தப் பெயரைத் தொடட்டும்.

உங்களை வளர்த்த சின்னம்மா இருந்தால் இன்றைக்கு ஒரு போன் போடுங்க கண்ணுகளா.