நான் செய்த பிழை என்ன?



என் முதற்கரு பத்தாவது வாரத்தில் கலைந்து போனது. இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் அன்று என் மனதைக் குடைந்த கேள்வியை நான் மறக்கவில்லை. "நான் செய்த பிழை என்ன?"

தலைமன்னாரில் எங்களுக்குக் கடற்தொழில். கருவாட்டு வாடியில் மீன் வெட்டி, உப்பிட்டு, காயப்போடுவது என் வேலை. அந்தக் கிழமை மீன்கூடை தூக்கினேன். மன்னாருக்குப் பஸ்ஸிலும் போய்வந்தேன். பேசாலைப் பாதை குண்டும் குழியுமாக இருந்த காலம் அது.

இரத்தம் பட்டதும் மாமி தலையில் அடித்துக்கொண்டார். "பாரம் தூக்காதே எண்டு சொன்னேனே பிள்ளை!" பக்கத்து வீட்டு அக்கா பப்பாசிப்பழத்தைக் குற்றம் சொன்னார். இன்னொருவர் கண்ணூறு என்றார். என் கணவர் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் என் கட்டிலில் வந்து அமர்ந்தார்.

"தங்கச்சி, உறுதியான நூறு கர்ப்பங்களில் பத்துப் பதினைந்து இப்படிக் கலையுது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள்ள. அதில அரைவாசியளவுக்குக் காரணம், கரு உண்டாகும்போதே நிறமூர்த்தங்களில் தற்செயலாக வாற பிழை. விதையில குறை எண்டால் முளை நிக்காது. தண்ணி ஊத்தினவள் என்ன செய்வாள்?"

வழக்கமான வீட்டுவேலையோ, பஸ் பயணமோ, பயந்து திடுக்கிடுவதோ கருவைக் கலைப்பதில்லை என்றும் அவர் சொன்னார். அப்போதுதான் என் கணவர் வாய் திறந்தார். "நான் இவளை வாடிக்கு விட்டதாலதான் எண்டு நினைச்சிருந்தன், டொக்டர்." அவரும் தன்னைத்தான் குற்றம் சாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்!

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, தனக்கும் ஒன்று கலைந்ததாகச் சொன்னார். செத்தவீட்டுக்குப் போனதால் வந்தது என்று ஊர் சொன்னதாம். ஆனால் அதற்கு முந்திய நாட்களில் அம்மா மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்திருக்கிறார். மலேரியா கருவைக் கலைக்கக்கூடியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அத்தனை வருடமும் அந்தப் பழியைத் தனியே சுமந்திருக்கிறார்.

இலங்கை மலேரியா அற்ற நாடென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் அதைப் பரப்பக்கூடிய புதிய நுளம்பு இனம் ஒன்று நம் மன்னார்த் தீவுக் கிணறுகளிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே கிணற்றை மூடி வையுங்கள். கர்ப்பகாலத்தில் காய்ச்சல் வந்தால், குறிப்பாக வெளிநாடு போய்வந்திருந்தால், உடனே இரத்தம் பரிசோதியுங்கள்.

எனக்கு இரண்டாவது கருவும் நிற்கவில்லை. அதன் பிறகு செய்த பரிசோதனையில் நீரிழிவு இருப்பது தெரிந்தது. முதலில் சீனியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, டொக்டர் சரியென்ற பின்பே மறுபடி கருவுற்றேன். கர்ப்பம் முழுவதும் இன்சுலின் ஊசி போட்டேன். அப்படிப் பிறந்த மகள்தான் இன்று எனக்கு இதை எழுத ஒற்றை எடுத்துத் தந்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கண்டுபிடித்தால் கவனிக்கக்கூடியவையும் உண்டு. கட்டுப்பாடற்ற நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, இரத்தம் உறையும் தன்மையில் கோளாறு, கருப்பையின் அமைப்பு, பலவீனமான கருப்பைக் கழுத்து, சில தொற்றுநோய்கள் என்பன அவை. வயது முப்பத்தைந்தைத் தாண்டும்போது ஆபத்து கூடுகிறது. புகையும் மதுவும் கெடுதல். வீட்டில் மற்றவர் விடும் சிகரெட் புகையும் அப்படித்தான்.

இரண்டு மூன்று முறை கலைந்தால் "விதி" என்று இருந்துவிடாமல் பரிசோதனை கேளுங்கள். கர்ப்பத்தில் இரத்தம் பட்டாலோ, வயிற்றுவலி கூடினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கருத்தரிக்க எண்ணும்போதே உங்கள் பகுதிக் குடும்ப நல மாதுவிடம் ஃபோலிக் அமிலம் பற்றிக் கேளுங்கள். ஒருமுறை இழந்த பெண்களில் பெரும்பாலானோருக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியே அமைகிறது.

மாமிமாரே, அயலவரே, அப்படியொருத்தி படுத்திருக்கும் வீட்டுக்குப் போனால் காரணம் தேடாதீர்கள். ஒரு கோப்பை கஞ்சி கொண்டுபோங்கள். "உன்னில பிழை இல்லை பிள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் அம்மாவுக்கு அதைச் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை.