நிலத்தைக் கேள், நிறத்தைக் கேட்காதே

தூத்துக்குடிப் பக்கம் இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் பிள்ளைகள் இப்போது என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: "தாத்தா, மினி டிராக்டர் வாங்கப் போறேன். எந்தக் கம்பெனி நல்லது?" சிவப்பு வண்டி மஹிந்திரா, ஆரஞ்சு வண்டி குபோட்டா, நீல வண்டி சோனாலிகா, பச்சை வண்டி ஜான் டீர் என்று நிறத்தை வைத்தே கட்சி கட்டிப் பேசுகிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "உன் மண் என்ன மண், ஐயா?" இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

நம் மாவட்டத்தில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் மண்ணே மாறிவிடும். சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்தில் தேரி மணல். பனையும் முருங்கையும் நிற்கும் செம்மணல். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகாலும் தென்காலும் பாயும் இடங்களில் தாமிரபரணி வண்டல். அங்கே வாழையும் நெல்லும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல். வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போடுகிற பூமி. இந்த மூன்றுக்கும் ஒரே வண்டி என்று யாராவது சொன்னால், அவர் உன் வயலைப் பார்க்காமல் சொல்கிறார்.

தேரி மணலில் சக்கரம் வழுக்கும். முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் நான்கு சக்கர இழுவை இருந்தால் வண்டி புதையாமல் நகரும். முருங்கையை எட்டடிக்கு எட்டடி நட்டிருந்தால் சின்ன வண்டி தாராளமாகத் திரும்பும். வாழைக்குள் போவது வேறு கதை. ஆறடி இடைவெளியில் கன்று வளர்ந்து மட்டை விரிந்த பிறகு, வண்டியின் இரு பக்கமும் ஓர் அடிதான் மிஞ்சும். அங்கே குதிரைத்திறனைவிட வண்டியின் அகலமும், எவ்வளவு சிறிய வட்டத்தில் திரும்பும் என்பதும்தான் முக்கியம். கார், பிசானப் பருவ நெல்லுக்குச் சேற்றுழவு செய்யப் போகிறாய் என்றால், முன் அச்சுக்குள் சேறும் தண்ணீரும் ஏறாதபடி அடைப்பு இருக்கிறதா என்று கேள். கரிசலில் ஆழமாகக் கோடை உழவு போட இந்தச் சின்ன வண்டிகள் போதாது. அதற்கு நாற்பது குதிரைத்திறன் பக்கத்தில் உள்ள பெரிய வண்டியை வருஷத்துக்கு ஒருமுறை வாடகைக்குப் பிடிப்பதே சரி. களையெடுப்பு, பார் பிடித்தல், மருந்தடிப்பு ஆகியவற்றுக்குத்தான் சின்ன வண்டி.

இதற்குப் பிறகுதான் கம்பெனிப் பேச்சு. மஹிந்திரா ஜீவோ 245 என்பது 24 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், நான்கு சக்கர இழுவை. குபோட்டா நியோஸ்டார் வரிசையில் 21, 24, 27 என்று மூன்று அளவு. எல்லாம் மூன்று சிலிண்டர் என்பதால் அதிர்வு குறைவு. இரண்டு கம்பெனியிலும் பின்பக்கத் தூக்குத்திறன் 750 கிலோ அளவில்தான் நிற்கிறது. ஸ்வராஜ் 717, மஹிந்திரா யுவராஜ் 215 இரண்டும் 15 குதிரைத்திறன் உள்ள ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள். கைக்கு அடக்கம், அமைப்பும் எளிது, ஆனால் தேரியில் கனமான ரோட்டாவேட்டரை இழுக்கத் திணறும். ஸ்வராஜும் 2007 முதல் மஹிந்திரா குழுமத்துக்குள்தான் இருக்கிறது என்பது, இரண்டுக்கும் சண்டை போடுகிற பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

விளம்பரத்தில் போட்டிருப்பது எஞ்சினின் குதிரைத்திறன். ரோட்டாவேட்டரைச் சுழற்றுவது பி.டி.ஓ. தண்டில் வந்து சேரும் திறன். அது எப்போதும் குறைவாகவே இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் இருக்கிறது. பி.டி.ஓ. திறன், இழுவை, மணிக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு தூக்கும் என்று அளந்து அறிக்கை தருகிறார்கள். நீ வாங்க நினைக்கும் மாடலின் அறிக்கையைக் காட்டச் சொல். விற்பவர் சொல்லும் மைலேஜைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

அடுத்து, வண்டி நின்றுபோனால் யார் வருவார்? மழை விழுந்து ஈரம் இருக்கும் சில நாள்களுக்குள் விதைத்தாக வேண்டும். ஐப்பசியில் ஒரு சின்ன சாமான் ஊருக்கு வந்து சேரப் பத்து நாள் ஆனால், எவ்வளவு பெரிய கம்பெனி வண்டியாக இருந்தும் பலனில்லை. ஆகவே ஷோரூமுக்குப் போகும் முன் மெக்கானிக்கைப் போய்ப் பார். அவர் கையில் எந்த வண்டி பழகியிருக்கிறது, எதன் சாமான் தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ அன்றைக்கே கிடைக்கிறது என்று கேள். நாம் இருப்பது உப்பளம் பக்கம். உப்புக்காற்று பேட்டரி முனையையும் போல்ட்டையும் தகரத்தையும் அரிக்கும். கடலோர ஊர்களில் போர்த் தண்ணீரே உப்பாக இருக்கும். அதை ஊற்றி வண்டி கழுவாதே. நல்ல தண்ணீரில் கழுவு, கிரீஸ் வை, கூரைக்குள் நிறுத்து. பராமரிக்கிறவன் கையில் எந்தக் கம்பெனியும் உழைக்கும்.

நம் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒரு முறை இருந்தது. கடலடிப் பார்களில் சிப்பி நிறையக் கிடக்கிறது என்று கேள்விப்பட்ட உடனே குளிப்பு அறிவித்துவிட மாட்டார்கள். முதலில் மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, திறந்து, அதில் கிடைத்த முத்துக்கு விலை மதிப்பிடுவார்கள். அது தேறினால்தான் குளிப்பு. 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்போடு அந்தத் தொழில் நின்றுபோனாலும் அந்தப் பாடம் நிற்கவில்லை. ஏலத்தில் மூடின சிப்பியை ஆயிரக்கணக்கில் வாங்கிய வியாபாரிக்கே மாதிரி தேவைப்பட்டது என்றால், ஐந்து லட்சம் கடன் வாங்குகிற உனக்குத் தேவைப்படாதா? "என் வயலில், என் மண்ணில், அரை நாள் ரோட்டாவேட்டர் மாட்டி ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேள். தார் ரோட்டில் ஓட்டிக் காட்டுவது சோதனை ஆகாது.

கணக்கையும் போடு. ஐந்து லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொள். முதல் வருஷ வட்டி மட்டும் ஐம்பதாயிரம். வருஷத்துக்கு 200 மணி நேரம் ஓட்டினால் மணிக்கு 250 ரூபாய் வட்டிக்கே போகிறது. டீசல், தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கு மேல். மூன்று ஏக்கரில் 200 மணி நேர வேலை இருக்கிறதா என்று மனச்சாட்சியோடு எண்ணிப் பார். இல்லையென்றால் பக்கத்துத் தோட்டங்களுக்கு வாடகைக்கு ஓட்டும் தெம்பும் நேரமும் இருக்க வேண்டும். வேளாண் பொறியியல் துறையே டிராக்டரை வாடகைக்கு விடுகிறது. வாங்குவது என்று முடிவானால், சிறு, குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு ஐம்பது சதவீதம் வரை மானியம் தரும் இயந்திரமயமாக்கல் திட்டம் இருக்கிறது. முதலில் விண்ணப்பித்து அனுமதி வாங்கு, பிறகு வண்டிக்கு முன்பணம் கொடு.

பிள்ளைகளே, வாசலில் வண்டி நின்றால் ஊரில் மதிப்பு கூடும் என்ற நினைப்பு எல்லோருக்கும் வரும். அது தப்பான ஆசை இல்லை. ஆனால் அந்த மதிப்புக்குத் தவணை கட்டப்போவது ஊர் இல்லை, நீங்கள். அடுத்தவனுக்கு நல்லதாக இருந்தது நமக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. படிப்பு, வேலை, வீடு எதுவானாலும் இதே முறைதான்: நம் தேவையை முதலில் அளந்துகொண்டு, அப்புறம் கடைக்குப் போக வேண்டும். இந்தப் பட்டம் முழுக்க வாடகை வண்டியை வைத்து ஓட்டுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தை அறுவடை முடிந்ததும் அந்த நோட்டை விரித்துப் பாருங்கள். வாங்க வேண்டுமா, வாங்கினால் எது என்பதற்கு என்னிடம் வர வேண்டிய அவசியமே இருக்காது.