தீவாந்தரம் போனவனுக்கு வாரிசு யார்?

படப்பையில் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடுகிறார் என்றால், ஒரகடம் பக்கம் எங்கோ நிலம் விலை பேசப்படுகிறது என்று அர்த்தம். வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், 'அ' பதிவேடு என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்து முடிப்பதற்குள், பங்காளிகள் அத்தனை பேரும் இடம்பெற்ற வம்சாவளிப் படம் ஒன்று தயாராகிவிடும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்த தொண்ணூறுகளிலிருந்து எங்கள் பக்கத்துக் குடும்ப வரலாறுகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டன. நிலம் இல்லாத வீடுகளில் வரலாறு தாத்தா பெயரோடு நின்றுவிட்டது.

நான் குடியேறியிருக்கும் ஹோபர்ட்டில் நிலைமை வேறு. டாஸ்மேனியாக்காரர்கள் தேடுவது கைதியை. லண்டனில் கைக்குட்டை திருடியவர், அயர்லாந்தில் ஆடு திருடியவர் என்று யாராவது ஒருவர் தங்கள் பரம்பரையில் அகப்பட்டுவிட்டால் அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். 1788-லிருந்து 1868 வரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதிகள் சுமார் 1,62,000 பேர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இந்தத் தீவுக்கு வந்தார்கள். 1853-ல் கைதிகள் வருவது நின்றது. மூன்றே வருடத்தில், 'வான் டீமன்ஸ் லேண்ட்' என்ற பழைய பெயரையே மாற்றிவிட்டார்கள். அந்தப் பெயரில் அவ்வளவு அவமானம் ஒட்டியிருந்தது. அதன்பின் நூறு வருடம் போல வீடுகளில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. கைதிகளின் ஏடுகளை எரித்துவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. நல்லவேளை, எரிக்கவில்லை. 2007-ல் அந்த ஏடுகளை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அந்த ஏடுகளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். செருப்பில்லாமல் அளந்த உயரம், முகவெட்டு, நெற்றி, கண், மூக்கு, மோவாய், கையில் குத்திக்கொண்ட காதலியின் முதலெழுத்து வரை குறித்திருக்கிறார்கள். எந்தத் தேதியில் குடித்துவிட்டு ரகளை செய்தார், அதற்கு எத்தனை கசையடி என்பதும் உண்டு. அடித்த அரசாங்கமே கணக்கும் எழுதிவைத்தது. பேரப்பிள்ளைகள் இன்று வீட்டில் உட்கார்ந்தபடி இலவசமாகப் பார்க்கிறார்கள்.

நம் ஊரிலிருந்தும் கைதிகள் கடல் தாண்டிப் போனார்கள் என்றால் இங்கே வியப்பாகக் கேட்கிறார்கள். ஊரில் சொன்னாலும் அதே வியப்புதான். அந்தமான் நமக்குத் தெரியும். அது 1858 மார்ச்சில் தொடங்கியது. அதற்கு எழுபது வருடம் முன்பே, 1787-ல், கும்பினியார் சுமத்ராவின் பென்கூலனுக்குக் கைதிகளை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். பிறகு பினாங்கு, பிறகு சிங்கப்பூர். தீவாந்தர சிட்சை என்று பாட்டிகள் சொன்னது இதைத்தான்.

அப்படிப் போனவர்களில் நமக்கு முகம் தெரிந்தவர் துரைசாமி. சின்ன மருதுவின் மகன். 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டபோது பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும். அடுத்த பிப்ரவரியில், சிவகங்கை வேங்கன் பெரிய உடையத் தேவர் உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்டவர்களோடு தூத்துக்குடியில் அவனைக் கப்பலேற்றினார்கள். கப்பலின் பெயர் அட்மிரல் நெல்சன். போன இடம் பினாங்கு. வேங்கன் தேவர் அங்கிருந்து பென்கூலனுக்கு அனுப்பப்பட்டு அந்த வருடமே இறந்தார். துரைசாமியைப் பற்றி நமக்குத் தெரிவது ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினிப் படை அதிகாரியால். இந்த வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவேதான். பிறகு அதே மருதுவை எதிர்த்த போரில் வெல்ஷும் இருந்தார். 1818-ல் பினாங்கு போன அவர் முன்னால் தளர்ந்துபோன கிழவர் ஒருவர் வந்து நின்றார். பெயரைக் கேட்ட பிறகுதான் அது துரைசாமி என்று தெரிந்தது. கணக்குப்படி அந்தக் 'கிழவருக்கு' வயது முப்பதை ஒட்டித்தான். 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் இதை எழுதாமல் விட்டிருந்தால், துரைசாமி வெறும் பட்டியல் பெயராக நின்றிருப்பார். கூடப் போன பலர் அப்படித்தான் நிற்கிறார்கள்.

ஆனாலும் அவர்கள் அரசியல் கைதிகள். தியாகிகள் என்பதால் சிலையாவது எழும். என் மனம் போவது அவர்களுக்குப் பின்னால் சாரிசாரியாகப் போன சாதாரணக் கைதிகளிடம்: கொள்ளை, கொலை என்று ஜில்லாக்களில் பிடிபட்டு, சர்க்யூட் கோர்ட்டில் தண்டனை பெற்றவர்கள். ஆயுள் தண்டனைக்காரர்களின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் வங்காளத்திலும் சென்னையிலும் இருந்தது. 1849-ல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். டாஸ்மேனியாக்காரன் தானாகக் குத்திக்கொண்டதை அரசாங்கம் ஏட்டில் எழுதியது. நம் ஆளின் நெற்றியையே ஏடாக்கிவிட்டது.

1825 ஏப்ரல் 18-ல் சிங்கப்பூரில் முதல் தொகுதியாக இறங்கிய 80 பேரும் சென்னை மாகாணக் கைதிகள். பென்கூலன் டச்சுக்காரர்கள் கைக்குப் போனதால் ஹொரேஷியோ என்ற கப்பலில் மாற்றப்பட்டவர்கள். அடுத்த ஐம்பது வருடத்தில் சாலை போட்டதும், சதுப்பைத் தூர்த்ததும், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இன்று அதிபர் மாளிகையான இஸ்தானாவையும் கட்டியதும் இந்தியக் கைதிகள். தேவாலயத்தின் உள்சுவரில் பூசியதற்குப் பெயரே மெட்ராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை எல்லாம் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்தது. அவர்களை மேய்த்த அதிகாரி மேக்நேர் 1899-ல் ஒரு புத்தகமே எழுதினார். வார்டர்களைக் கைதிகளிலிருந்தே எடுத்தார்கள் என்பது அதில் அவருடைய பெருமை. 1873-ல் சிறைக் குடியிருப்பை மூடியபோது மிச்சமிருந்தவர்கள் அந்தமானுக்குப் போனார்கள். வெளியே வாழ அனுமதிச் சீட்டு பெற்றிருந்தவர்கள் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டார்கள்.

தங்கியவர்களின் பிள்ளைகள் எங்கே? போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். உள்ளூரில் மணந்தார்கள், பிள்ளைகள் மலாய் பேசினார்கள், பினாங்கில் ஜாவி பெக்கான் எனப்படும் இந்திய-மலாய்க் கலப்புக் குடும்பங்கள் சிலவற்றில் கலந்தார்கள். அப்பா எதற்காக வந்தார் என்று எந்தப் பிள்ளை சொல்லிக்கொள்ளும்? நெற்றியின் பச்சையைத் தலைப்பாகையை இறக்கிக் கட்டி மறைத்த தலைமுறை அது.

ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் இப்படி இல்லை. 1860-ல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பன் போனவர்கள் முதலாக, அங்கே கப்பல் பட்டியல்களில் அப்பா பெயர், ஜில்லா, ஊர் எல்லாம் உண்டு. மொரிஷியஸில் மோக்கா ஊரின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் புகைப்படமே கிடைக்கிறது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு செங்கல்பட்டு, ஆற்காடு ஊர்களில் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். கூலிக்குப் போனவனைத் தேடப் பேரன் இருக்கிறான். குற்றம் செய்து போனவனைத் தேட யாருமில்லை. ஏடு இல்லாத குறை அல்ல இது.

போனில் பெரியப்பா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ஆளுக்கு நெலம் எதனா இருந்துச்சாடா?" சிரித்துவிட்டேன். ஆனால் படப்பைக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். நிலமிருந்தால் பங்காளி அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்திருப்பான்.

வீட்டில் யாராவது 'தீவாந்தரம் போனார்' என்று ஒரு பேச்சு இருந்தால், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பெயரைச் சொல்லித் தேட வேண்டாம். ராமசாமியும் முத்துசாமியும் நூற்றுக்கணக்கில் வருவார்கள், இங்கிலீஷ்காரன் எழுத்துக்கூட்டலில். எந்த ஜில்லா, எந்தப் பத்தாண்டு என்று குத்துமதிப்பாக முடிவுசெய்துகொண்டு நீதித்துறை நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டுங்கள். பிறகு அந்த வருடம் புறப்பட்ட கப்பலைப் பிடியுங்கள். இறங்கிய பிறகான கதைக்குச் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் ஏடுகள் இருக்கின்றன. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் கும்பினி ஆவணங்கள் உண்டு. தாத்தா நாட்டுக்காகப் போயிருப்பார் என்று மட்டும் முன்கூட்டியே முடிவுகட்டிவிடாதீர்கள். தீவட்டிக் கொள்ளையில் பிடிபட்டவராகவும் இருக்கலாம். ஹோபர்ட்டில் அப்படியொருவர் கிடைத்தால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.