கல் சுடுவதற்கு முன்னால்

மதுரையிலே பிறந்து மதுரையிலேயே தலை நரைத்தவர் என் மாமா. வயது 68. மீனாட்சியம்மன் கோயிலில் எந்தத் தூணில் எந்தச் சிற்பம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஆனால், ஊருக்கு மேற்கே நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சமணமலையில் அவர் கால் பட்டதே இல்லை. "இந்தத் தை மாதத்தில் என்னை அங்கே அழைத்துப் போய்விடு. அடுத்த வருஷம் முழங்கால் சம்மதிக்குமோ, என்னவோ!" என்றார் ஒரு நாள்.

எனக்குச் சற்றுத் திகிலாகத்தான் இருந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற பங்குனியில் நானும் ஒரு நண்பரும் அதே மலைக்குப் போனோம். காலை ஆகாரத்தைச் சாவகாசமாக முடித்து, ஒன்பதரை மணிக்கு அடிவாரம் சேர்ந்தோம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது பாறை தோசைக்கல்லாகிவிட்டது. இருவருக்குமாகக் கொண்டுபோன ஒரே புட்டித் தண்ணீர் உச்சியிலேயே தீர்ந்துபோயிற்று. பாதி வழியில் நண்பர் தலை சுற்றுகிறதென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே சூடு பொறுக்காமல் எழுந்தார். ஒதுங்க மரம் ஏது? அவரைத் தாங்கலாக அடிவாரத்து ஆலமரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எனக்குப் பாதிப் பிராணன் போய்விட்டது.

ஆகவே இம்முறை, புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் மொட்டை மாடியில் சபை கூடிற்று. மாமா, நான், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். மகளுக்கு யானைமலையின்மேல் ஆசை. தூரத்துப் பார்வைக்கு அதுதான் கம்பீரம். ஆனால் வழவழவென்று சரிந்து நிற்கும் அந்தப் பாறையில் 68 வயதுக்காரருக்கு என்ன வேலை? சமணமலையில் பேச்சிப்பள்ளம் வரையில் படி இருக்கிறது. அது முதல் தீர்மானம்.

"சாயங்காலம் போனால் வெயில் தாழ்ந்திருக்குமே?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. ஆனால் வெயில் தாழ்ந்தாலும் கல் தாழாது. பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை இருட்டும் வரையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இருட்டில் பாறையிறக்கம் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ பாறையில் பாசி வழுக்கும். மழை ஓய்ந்து, பனி விலகாத தைதான் நல்ல காலம். அப்பொழுது ஆறரை மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கும். அந்த நேரத்தில் அடிவாரத்தில் இருப்பது, பத்து மணிக்குள் கீழே வந்துவிடுவது என்று முடிவாயிற்று. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ரப்பர் அடி வைத்த காலணி. வாழையிலையில் கட்டிய புளியோதரை. குரங்குகள் உண்டாகையால் பொட்டலங்கள் பைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது மகளின் உத்தரவு.

கடைசித் தீர்மானத்தை நான் சொல்லத் தயங்கினேன். மாமாவே சொன்னார்: "நான் பேச்சிப்பள்ளத்தோடு நின்றுவிடுகிறேன். மேலே நீங்கள் போங்கள். அங்கே வந்து என்னை 'வா, வா' என்று இழுக்கக் கூடாது."

மறுநாள் கீழக்குயில்குடி அடிவாரத்தில் பொழுது விடிந்தது. தாமரைத் தடாகம், ஆலமரம், கருப்பண்ணசாமி கோயில். கோயில் வாசலில் கும்பிட்டுவிட்டுப் படியேறினோம். மாமா இருபது படிக்கு ஒரு முறை நின்றார். நாங்களும் இயற்கை அழகை ரசிப்பவர்களைப்போல நின்றோம்.

பேச்சிப்பள்ளத்தில் ஒரு சுனை. அதற்கு மேலே பாறை முகத்தில் வரிசையாக எட்டுத் திருமேனிகள். 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சமண சிற்பங்கள். தலைமேல் நாகம் படமெடுக்க நிற்கும் பார்சுவநாதரை மாமா உடனே கண்டுகொண்டார். அடியில் வட்டெழுத்தில், செய்வித்தவர்களின் பெயர்கள். மதுரையைச் சுற்றிப் பல குன்றுகளில் திருமேனிகள் செய்வித்த அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியாரும் அவர்களில் ஒருவர். அதே மலையில் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் கீறிவிட்டுப் போகும் இக்காலத்து வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த அம்மாள் ஒரு திருமேனியைச் செய்வித்துவிட்டுத்தான் பெயரைப் பொறித்தாள்!

மாமாவைச் சுனையோரம் இருத்திவிட்டு நாங்கள் மேலே போனோம். இனிமேல் பாறையில் வெட்டிய ஆழமில்லாத படிகள்தாம். பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தில் எழுந்த மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் வழியில் எஞ்சிக் கிடக்கிறது. அதற்கும் மேலே ஒரு கன்னடக் கல்வெட்டு. பெள்குளம் என்று அதில் குறிக்கப்படும் சிரவணபெளகொளத் தொடர்புடைய துறவிகள் இந்த மொட்டைப் பாறைக்கு வந்திருக்கிறார்கள். எத்தனை நாள் நடந்தார்களோ!

உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. கிழக்கே பனிப்படலத்துக்குள்ளிருந்து கோயில் கோபுரங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. வடக்கே வளைந்து ஓடும் நாகமலை; தென்கிழக்கே பசுமலை, அதற்கு அப்பால் திருப்பரங்குன்றம்; வடகிழக்கே நகரத்தையும் தாண்டி யானைமலை. பாம்பு, பசு, யானை மூன்றையும் சமணர்கள் மதுரையின்மேல் ஏவினார்கள், இறைவன் தடுத்தபோது மலைகளாகிவிட்டன என்று திருவிளையாடற் புராணம் கூறும். சமணர் பெயர் கொண்ட மலையில் நின்று அம்மூன்றையும் ஒரே பார்வையில் பார்ப்பது விசித்திரமாகத்தான் இருந்தது. யானைமலையையே வெட்டிச் சிற்ப நகரம் அமைப்பதென்று 2010-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு திட்டம் எழுந்தது. சுற்றுவட்டாரத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. இல்லாவிடில் அன்று அந்தத் திசையில் எதைப் பார்த்திருப்போம்?

நெடுநேரம் அங்கேயே நின்றிருப்போம். மகள் கடிகாரத்தைக் காட்டினாள்.

இறங்கி வந்தபோது மாமா குணமதியாரின் வரிசைக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் பங்குப் புளியோதரை தீர்ந்திருந்தது; எங்கள் பொட்டலத்தின்மேலும் கண் இருந்தது. "மேலே எப்படி?" என்று கேட்டார். மகள் கைபேசியில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவர் யானைமலையின் படத்தில் மட்டும் வெகுநேரம் தங்கிவிட்டு, "நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் இத்தனை நீளம் தெரியாது" என்றார்.

பிறகு எழுந்து, சுனையோரத்துப் பாறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சுட ஆரம்பித்துவிட்டது. புறப்படுங்கள்" என்று முதல் ஆளாகப் படியில் கால் வைத்தார்.