நூறு பெயர்கள்

46 வயதில் வேலை கேட்டுப் போவது சற்று வெட்கமான காரியந்தான். 22 வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவரும் நாம், சென்ற மாதம் ஆயுள் இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டு வேலைக்குப் பேட்டிக்குப் போனோம். தனியார் பள்ளிச் சம்பளம் ஒருபுறம். மூத்த பெண்ணின் கல்லூரிக் கட்டணம் மறுபுறம். எந்தச் சூத்திரத்தாலும் இவ்விரண்டையும் சமப்படுத்த முடியவில்லை என்பதே காரணம்.

பேட்டியில் சரித்திரம் கேட்பார்கள் என்று எண்ணி இரவெல்லாம் படித்திருந்தோம். ஒரு காலத்தில் இந்தியரின் உயிருக்கு ஐரோப்பியரின் உயிரைவிட அதிகப் பிரீமியம் கேட்டார்கள். 1870-இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் கம்பெனிதான் நம்மவரையும் சாதாரணக் கட்டணத்தில் ஏற்றுக்கொண்டது. சுதேசி அலை வீசிய 1906-இல் சென்னையில் யுனைடெட் இந்தியா பிறந்தது. 1956-இல் ஆயுள் இன்ஷியூரன்ஸ் தேசவுடைமையாயிற்று. இவற்றில் ஒன்றையாவது மானேஜர் கேட்க வேண்டுமே! கேட்கவில்லை.

மானேஜருக்கு நம்மிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். நாம் பட்டத்தை எடுத்து நீட்டினோம்.

"பத்தாவது தேறியிருந்தாலே போதும், ஸார். பயிற்சி முடிந்ததும் ஒரு பரீட்சை உண்டு. 50 கேள்வி. நூற்றுக்கு 35 வாங்கினால் தேர்ச்சி" என்றார் அவர்.

எத்தனையோ பிள்ளைகளை அந்த 35-க்காகக் கலங்க வைத்திருக்கிறோம்! இப்போது அது நம் வாசலுக்கே வந்துவிட்டது.

"தங்கள் பெயரில் பாலிஸி ஏதாவது உண்டா?"

"இல்லை" என்றோம்.

அவர் புன்னகை செய்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொன்னார். இதுதான் உண்மையான பேட்டி என்று அப்போதுதான் விளங்கிற்று. எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தோம். உறவினர் 21, உடன் வேலை செய்பவர்கள் 17, மீதி 62 பேரும் நம் மாணவர்களின் பெற்றோர்.

மானேஜருக்குப் பரம சந்தோஷம். "வாத்தியார் சொன்னால் எந்தத் தகப்பனார் மறுப்பார்?" என்றார்.

அந்த வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. மறுக்க மாட்டார்கள் என்பது வாஸ்தவம். அவர்கள் குழந்தை நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. மதிப்பெண் நம் பேனாவில் இருக்கிறது. மறுக்க முடியாதவரிடம் விற்பது வியாபாரமா, வரி வசூலா? சேமிப்புப் பாலிஸி எடுத்தவர் ஆரம்பத்திலேயே கட்ட முடியாமல் நிறுத்திவிட்டால், கட்டிய பணத்தில் பெரும்பகுதி கைக்கு வராது. ஏஜெண்டுக்கோ முதல் வருஷத்தில்தான் கமிஷன் அதிகம்.

அதற்காக அந்தத் தொழிலை இகழவும் மனம் வரவில்லை. பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்திய நண்பர் சென்ற வருஷம் திடீரென்று காலமானார். ஆசிரியர்களிடையே பணம் திரட்டி அவர் வீட்டில் கொடுத்தோம். அது ஈமச் செலவுக்குச் சரியாய்ப் போயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு கிழ ஏஜெண்டு நம் பள்ளிக்கு வந்திருந்தார். அவரைக் கண்டதும் நண்பரும் நாமும் சிரித்துக்கொண்டே பின்வாசல் வழியாக நழுவினோம். அந்தச் சிரிப்பு இன்றும் காதில் ஒலிக்கிறது.

ஆகவே, அந்த 62 பெயர்களையும் ஒவ்வொன்றாக அடித்தோம்.

"38 பெயரை வைத்துக்கொண்டு என்ன ஸார் செய்வீர்கள்?" என்றார் மானேஜர், உண்மையான வருத்தத்துடன்.

"பாடம் நடத்துவோம். புரிந்தவர் சேரட்டும், புரியாதவருக்கு மறுபடியும் நடத்துவோம்" என்றோம். அவர் சற்று யோசித்துவிட்டு, விண்ணப்பத் தாளை நம் பக்கம் நகர்த்தினார்.

வீட்டுக்கு வந்ததும் நம் சம்சாரம் அந்தப் பட்டியலை வாங்கி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"முக்கியமான ஒருவரை விட்டுவிட்டீர்களே!" என்றாள்.

"யாரை?"

பதில் சொல்லாமல் பேனாவை எடுத்து, எல்லாப் பெயருக்கும் மேலே நம் பெயரை எழுதினாள். நண்பரின் மனைவிக்கு அன்று துணையாகப் போய் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். நமக்குப் பேச நா எழவில்லை.

பரீட்சைக்குப் படித்து வருகிறோம். 35 எப்படியும் வந்துவிடும். அந்த முதல் பெயருக்குப் பிரீமியம் கட்டுவது எப்படி என்பதுதான் இப்போதைய கணக்கு.