விக்காமைத் திட்டியவன்

மேடையில் நான் அதிகம் திட்டிய ஆள் ஹென்றி விக்காம். பிரிக்பீல்ட்ஸ் மண்டபமோ கிள்ளான் பள்ளி விழாவோ, 'ரப்பர் விதைத் திருடன்' என்று ஆரம்பித்தால் போதும், கைதட்டல் வந்துவிடும். விவரம் தெரியாமல் பேசினேன் என்று தப்பிக்க முடியாது. தெரிந்தேதான் பேசினேன்.

ஓரினோக்கோ, அமேசான் கரைகளில் அலைந்து, காய்ச்சலில் செத்துப் பிழைத்த ஆங்கிலேயர் அவர். 1876இல் தப்பாஜோஸ் ஆற்றோரக் காடுகளில் 70,000 ரப்பர் விதைகளைச் சேர்த்துக் கப்பலேற்றி, லண்டனின் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 3,000கூட இல்லை. கன்றுகள் இலங்கைக்குப் போயின. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. விதை கொண்டுபோகக் கூடாது என்று அப்போது பிரேசிலில் சட்டம் கிடையாது. கண்ணில் மண்ணைத் தூவிக் கடத்தினேன் என்ற சாகசக் கதையைப் பிற்காலத்தில் ஊதிப் பெருக்கியதில் அவருக்கே பங்குண்டு. 1920இல் சர் பட்டமும் வாங்கிக்கொண்டார்.

ஆசியத் தோட்ட ரப்பர் பெருகியதும், காட்டு ரப்பரால் கொழித்த பிரேசிலின் மனாவுஸ் நகரின் செல்வம் சரிந்தது. பிரேசில்காரர்கள் வயிறெரிந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் காட்டு ரப்பர் எடுத்த லட்சணம் என்ன? புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில் பழங்குடிகளைச் சவுக்கால் அடித்தும் பட்டினி போட்டும் கொன்றதை பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் 1910இல் நேரில் போய் விசாரித்து எழுதினார். அந்த ரப்பரின் மவுசு போனதற்கும் விக்காமின் விதைதான் காரணம். இதை ஒரு மேடையிலும் நான் சொன்னதில்லை. சொன்னால் கைதட்டல் குறையும்.

இதுகூடப் பரவாயில்லை.

விதையைக் கொண்டுவந்தது விக்காம். ரப்பர் தோட்டத்துக்கு ஆளைக் கொண்டுவந்தது கங்காணி. சொந்த ஊருக்குத் திரும்பிப் போய், முன்பணம் கொடுத்து, மலாயாவைப் பற்றி ஆசை காட்டி, சாதிசனத்தைக் கப்பலேற்றியவர். என் தாத்தா கங்காணி. தன் ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. அதனால் காய்ச்சலில் கிடப்பவனையும் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இழுத்துவருவார்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. சீனருக்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. தலைவர் ஆர்.எச்.நாதனை நாடு கடத்தினார்கள். இதை மேடையில் நான் உருகி உருகிச் சொல்வேன், என் குடும்பமே முன்வரிசையில் நின்றதுபோல. தாத்தா நின்றது தோட்ட ஆபீஸ் பக்கம்.

செத்துப்போன வெள்ளைக்காரனைத் திட்டுவதில் ஒரு சௌகரியம்: எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் யாரும் அவன் உறவில்லை. தாத்தா அதட்டி வேலை வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளோ முதல் வரிசையிலேயே இருப்பார்கள். சிலர் எனக்கு மாலைகூடப் போட்டிருக்கிறார்கள். தலைக்காசில்தான் என் அப்பா இங்கிலீஷ் பள்ளிக்குப் போனார். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் தோட்டப் பள்ளியோடு நின்று, வாளியைத் தூக்கிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனார்கள்.

கூட்டம் முடிந்து ஒருமுறை பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, உங்க தாத்தா தோட்டத்துல என்ன வேலை பார்த்தாரு?"

"பால்மரம் வெட்டுனவருதான்" என்றேன்.

"அப்ப நம்ம ஆளு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.